சுவரில் ஓர் ஏரி

அன்புள்ள அக்கா,

மண் லாரிகளை மறித்து நீ உட்கார்ந்தாயே, அந்த ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடியின் வரவேற்பறைச் சுவரில் அதே ஏரியை வரைந்துகொண்டிருக்கிறேன். ஆமாம், அவர்களுக்குத்தான். திட்டு, ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

நேற்று மேலாளர் வந்து பார்த்தார். "என்னப்பா, தண்ணி இப்படிக் கலங்கிக் கெடக்கு? நல்லா நீலமா அடிச்சு விடு."

"ஏரி இப்படித்தான் சார் இருந்துச்சு."

"எந்த ஏரி?"

சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால், நாம் இருவரும் ஏறித் தண்ணீரில் குதித்த மரம் என்ன மரமென்று எனக்கே நினைவில்லை. அந்த இடத்தை மட்டும் வெறும் சுவராக விட்டிருக்கிறேன்.

மரத்தின் பெயரை மட்டும் எழுது அக்கா. வேறொன்றும் நீ எனக்கு எழுத வேண்டாம்.

உன் தம்பி