அப்பாவின் வெள்ளுடை

மால்மோ,
20 ஜனவரி 1998

அன்புத் தம்பி ஸஹ்ரூனுக்கு,

அப்பா போய் ஆறு நாளாகிறது. அழுது தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன், தீரவில்லை. உன் மனைவி, பிள்ளைகள் நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அப்பா போவதற்கு முந்தைய திங்கட்கிழமை தொலைபேசியில் என்ன சொன்னேன்? "நெஞ்சுல நீர் கோத்திருக்கு, காய்ச்சல் வேற. ஆத்துத் தண்ணியை அவர் மேல ஊத்திடாதே. இன்னும் பத்து நாள் தாங்குவார்" என்றேன். நீ உம் கொட்டினாய். புதன்கிழமை அப்பா இல்லை. நேற்று பேசும்போது, "குளிப்பாட்டி, வெள்ளுடை உடுத்தித்தான் அனுப்பினோம்" என்கிறாய். ஜனவரிக் குளிரில் டைக்ரிஸ் ஆற்றுத் தண்ணீரை எழுபத்தெட்டு வயது இதயம் எப்படித் தாங்கும்? டாக்டரான என்னிடம் மழுப்பாதே. உடம்பு வெறும் களிமண், உள்ளே அடைபட்ட ஒளிதான் நாம் என்று நம் குருமார் சொல்லட்டும். அந்தக் களிமண்ணுக்கும் குளிரும், ஸஹ்ரூன்.

உன் அக்கா,
சுஹாம்

அமாரா,
1 பிப்ரவரி 1998

பேருயிரின் பெயரால்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் அம்மான் நகரிலிருந்து வந்த ஓர் ஆள் மூலம் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கென்று டிசம்பரில் நீ அனுப்பிய மாத்திரைகளும் அதே ஆளிடம்தான் இருந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன்.

விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டாய் போலிருக்கிறது. ஐரோப்பா போய் மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். மூச்சு இருக்கும்போதே ஆற்றுநீரில் குளிப்பாட்டி, வெள்ளுடை உடுத்திவிட வேண்டும். அந்த உடையோடுதான் உயிர் ஒளியுலகுக்கு ஏறும். அழுக்குத் துணியில் போனால் வழிக்காவலர்கள் மறிப்பார்கள். அந்த நேரத்தைக் கணிப்பது எந்த மகனுக்கும் எளிதல்ல. செய்ய வேண்டியதைச் செய்தேன். இனிமேல் கிளறாதே. பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள்.

தம்பி,
ஸஹ்ரூன்

மால்மோ,
12 பிப்ரவரி 1998

ஸஹ்ரூனுக்கு,

கேள்வி கேட்டால் பாடம் நடத்துகிறாய். பொய் சொல்லும்போதெல்லாம் நீ இப்படித்தான் நீட்டி முழக்குவாய்.

நேற்று சித்தப்பா மகள் நளீமாவை இங்கே சந்தையில் பார்த்தேன். "மார்ச் பண்டிகையில உங்கப்பாவுக்கு உடை கொடுக்கிற சடங்காமே? ஊர்ல இருக்கிற எங்க தம்பி அனீஸைத்தான் அவருக்குப் பதிலா நிக்கச் சொல்லியிருக்கானாம் உன் தம்பி" என்றாள். வெள்ளுடை இல்லாமல் இறந்தவர்களுக்குச் செய்கிற சடங்கல்லவா அது?

அப்படியென்றால் தண்ணீரை ஊற்றியிருக்கிறாய். உடுத்துவதற்குள் அவர் போய்விட்டார். அதுதானே நடந்தது? துடித்தாரா? என்னைக் கூப்பிட்டாரா? அப்பாவின் உடம்பையும் காப்பாற்றவில்லை, நீ நம்புகிற அந்த உயிரையும் கரையேற்றவில்லை. உண்மையை எழுதும் வரை உன்னைத் தம்பி என்று அழைக்க மாட்டேன்.

சுஹாம்

அமாரா,
22 பிப்ரவரி 1998

அக்கா,

தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அப்பாவே கேட்டார். "டேய், எனக்கு நேரம் வந்துடுச்சு. ஆத்துத் தண்ணி கொண்டா, உடையை எடு" என்றார். "அக்கா வேணாம்னுட்டாப்பா. இன்னும் பத்து நாள் தாங்குவீங்களாம்" என்றேன். "அவ படிச்சவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பத்து நாள் இருக்கா! அப்ப நாளைக்கு நல்ல மீனா வாங்கிட்டு வாடா" என்றார்.

மறுநாள் காலை மீன் வாங்கத்தான் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வியர்வை நாறும் கோடு போட்ட பைஜாமாவோடு கிடந்தார். வெள்ளுடை பெட்டியிலேயே இருந்தது.

உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் பொய் சொன்னேன். கொன்றவன் என்று நீ சொன்னாலும் பொறுத்திருப்பேன். நளீமா வாயை அடைக்க மறந்துவிட்டேன். மார்ச்சில் அனீஸ் ஆற்றில் மூழ்கி, அப்பா பெயரில் அந்த உடையை உடுத்துவான். "வழி திறக்கும், நம்புப்பா" என்கிறார் குரு. நம்புகிறேன். வேறென்ன செய்வது?

ஸஹ்ரூன்

மால்மோ,
4 மார்ச் 1998

என் தம்பி,

உன் கடிதத்தை மருத்துவமனையில் படித்தேன். அதற்கு மேல் அன்று யாரையும் பார்க்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ இன்னும் ஒன்றை அறிய வேண்டும். வீங்கிய கால், நீலம் பாரித்த உதடு, விட்டு விட்டு வரும் மூச்சு. அந்தத் திங்கட்கிழமை தொலைபேசியில் நீ சொல்லச் சொல்லவே எனக்கு விளங்கிவிட்டது. இங்கே ஒரு நோயாளி அப்படி இருந்தால், "சொந்தக்காரங்களை இன்னைக்கே வரச் சொல்லுங்க" என்றிருப்பேன். பத்து நாள் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. எனக்கு விமானம் ஜனவரி இருபத்திரண்டாம் தேதிக்குத்தான் கிடைத்திருந்தது. நான் வரும்வரை அவரைப் போக விடாதே என்று உன்னிடம் கெஞ்ச வாய் வரவில்லை. பத்து நாள் என்று டாக்டர் குரலில் சொல்லிவிட்டேன். நீங்கள் இருவரும் அதை நம்பிவிட்டீர்கள்.

பிழை யாருடையது என்று குரு கேட்டால் என் பெயரைச் சொல். உன் மேல் சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

இந்தச் சடங்கையும் ஒளியுலகையும் நம்புவதை விட்டு எனக்கு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் பண்டிகை முடிந்த கையோடு எனக்கு எழுது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று குரு சொன்னாரா என்று எழுது. அவர் சொல்லாவிட்டாலும், சொன்னார் என்றே எழுது.

சுஹாம்