உன் எண்ணோடு நான் தாண்டிய தாண்டல்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று காலை குற்றாலத்தில், பெண்கள் வரிசையில், முன்பின் தெரியாத ஒருத்தியின் தோளை மோந்து பார்த்துவிட்டேன். நீலகிரித் தைல வாசனை. உன் வாசனை. அவள் திரும்பி, “என்னக்கா, மோந்தா பாக்கிய?” என்றாள். ஐம்பது வயதில் இந்தக் கெட்ட பெயர் உன்னால்தான்.

நீ போய்ச் சேர்ந்து அடுத்த சாரலும் வந்துவிட்டது. அருவிப் புகைக்குள் நின்றால் ஆட்கள் கரைந்து நம் பள்ளிக்காலத்துத் தென்காசி மைதானம் தெரிகிறது. கபடி, குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் மூன்றிலும் இறங்கிய முதல் பெண் நம் பக்கத்தில் நீதான். “பொட்டப்பிள்ளைக்கு ஒண்ணே அதிகம், இவளுக்கு மூணா?” என்று தெருவே பேசியது. அதில் பாதி என் வாயிலிருந்து கிளம்பியது. விளையாட்டு விடுதித் தேர்வன்று உன் அப்பா சொல்லிவிட்டார்: “இன்னைக்கு எடுபடலைன்னா தையில கல்யாணம்.”

கபடி முடியுமுன்பே நீளம் தாண்டுதலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உன் பெயருக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்வது மட்டுமே என் வேலை. சொன்ன வாய் மூடுமுன் உன் எண்ணை என் முதுகில் குத்தி ஓடவிட்டார்கள். முதல் வாய்ப்பில் பலகையைத் தாண்டி மிதித்தேன். இரண்டாவதில் மணலுக்கு இந்தப் பக்கமே விழுந்தேன்.

கபடி மண்ணோடு ஓடி வந்தாய்.

“ஏட்டி, பேரைச் சொல்லச் சொன்னேன். தாண்டச் சொன்னேனா?”

“பிடிச்சுத் தள்ளிட்டாவ. நான் என்ன செய்ய?”

“மூதி, மிச்சம் எத்தனை?”

“ஒண்ணு.”

குடை மறைவில் எண் கைமாறியது. அவர்கள் எண்ணைத்தான் பார்த்தார்கள். முகத்தை யார் பார்த்தார்கள்?

ஓடினாய். சாரல் சாய்ந்து விழுந்தது. பலகையில் ஒரு சத்தம். அப்புறம் எதுவும் இல்லை. மாடிப்படி ஏறுகிறவள் போலக் காற்றில் நிதானமாக நடந்தாய். இத்தனை வருஷத்தில் நீ இன்னும் இறங்கவில்லை.

விடுதி கிடைத்தது, பிறகு போலீஸ் அணி. கல்யாணம் உனக்குத் தோன்றியபோது நடந்தது.

இப்போதும் ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ யார் பெயரையாவது கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என் கை தானாக உயர்கிறது. வீட்டில் திட்டுகிறார்கள்.

ஒன்றை மட்டும் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. விழுந்ததில் என் பாவாடை கிழிந்துவிட்டது. நீ தாண்டியபோது நான் கூடாரத்துக்குப் பின்னால் கிழிசலில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது மணலை நிரவிவிட்டிருந்தார்கள்.