அப்பாவுக்கு நான் சொல்லாமல் விட்ட வசனம்

மல்வேர்ன், ஸ்காபரோ
9.11.1997

அன்பு மகள் பேர்ணடெற்றுக்கு,

மாதாவின் காவலில் நீயும் மருமகன் சீமோனும் அந்த நோர்வேக் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதினால், போன மாதம் ஃபோனில் உனக்குச் சொன்ன பொய்க்கு மேல் இன்னொரு பொய்யாகிவிடும். ஃபோன் அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் இதைக் கதைக்க முடியாது என்றுதான் கடிதம்.

அப்பாவுக்கு மூலம், சின்ன ஒப்பரேசன், எல்லாம் முடிந்தது என்று சொன்னேன் அல்லவா. மூலம் இல்லை மகள், கான்சர். மலக்குடலில், மலவாசலுக்கு நல்ல கிட்ட. எழுதவே கை கூசுகிறது. கோடை முழுக்க இரத்தம் போயிருக்கிறது, மனுசன் வாய் திறக்கவில்லை, உடுப்புத் தோய்க்கும்போது நான் கண்டுதான் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்து, சதை கிள்ளிச் சோதித்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்கிற டொக்டரிடம் அனுப்பினார்கள். நாள் முழுக்க மெஷினோடு நிற்கிற அப்பாவுக்கு இங்கிலிஷ் எங்கே வரும்? நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆறு வருடம் வேலை செய்கிறபடியால் ஓரளவு விளங்கும் என்று நானே மொழிபெயர்க்கப் போனேன். அங்கேதான் பிழை விட்டேன்.

அந்த டொக்டர் பொறுமையான மனுசன், கடதாசியில் படம் கீறிக் காட்டினார். ஒரு வழி, வயிற்றை வெட்டிக் குடலில் அந்தப் பகுதியையே எடுப்பது. கட்டி அவ்வளவு கீழே இருப்பதால் வாசலையும் மூடி, வயிற்றில் துவாரம் வைத்து, மலம் போக ஆயுளுக்கும் ஒரு பை ஒட்ட வேண்டும். மற்ற வழி, வயிற்றைத் தொடாமல் பின்வழியாலேயே குழாயும் கமராவும் விட்டுக் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பது. கட்டி சின்னன், மேலாக இருப்பது போலத் தெரிகிறது, ஆனபடியால் இதைச் செய்து பார்க்கலாம் என்றார். அதோடு நிற்கவில்லை. எடுத்த கட்டியைச் சோதிக்கும்போது வேர் ஆழமாகப் போயிருந்தால் பெரிய ஒப்பரேசனும் செய்யத்தான் வேண்டிவரும் என்றும் சொன்னார். எனக்கு அது விளங்கியது மகள். விளங்கவில்லை என்று சொன்னால் பாவம். ஆனால் அதற்கு முதலே பை என்றதும் அப்பாவின் முகம் கறுத்துப்போய், "உந்தப் பையைக் கட்டிக்கொண்டு திரியிறதிலும் பார்க்க இப்பிடியே போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கடைசி வசனம் வாயில் வரவில்லை. வெட்டும் இல்லை, பையும் இல்லை, இரண்டு நாளிலை வீடு என்று மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

அதே மாதிரி இரண்டு நாளில் வந்தும்விட்டார். வயிற்றில் ஒரு கீறல் இல்லை. காயம் சின்னன் என்றால் நோயும் சின்னன் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். மூன்றாம் கிழமை றிப்போட் வந்தது, வேர் தசைக்குள் போயிருக்கிறது, பெரிய ஒப்பரேசன் வேண்டும், வந்து கதையுங்கள் என்று. அப்பா கொதித்துப் போனார். "முழுக்க எடுத்தாச்சு எண்டவன் இப்ப என்னத்துக்குக் கூப்பிடுறான், என்னை வைச்சுப் படிக்கிறாங்களோ?" என்று கேட்டார். நானும் ஓம் ஓம் என்று ஒத்து ஊதினேன். பத்து நாள் எங்கள் வீட்டில் அந்த டொக்டரைத் திட்டாத நேரம் இல்லை, ஒரு குற்றமும் செய்யாத மனுசனை.

புதன்கிழமை போனபோது ஆஸ்பத்திரியே மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளையை ஒழுங்கு செய்திருந்தது, நிரூபா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். டொக்டர் வாயைத் திறந்ததும் அவள், "வேர் ஆழமெண்டால் பெரிய ஒப்பரேசன் செய்யவேண்டி வருமெண்டு முதல் நாளே உங்களுக்குச் சொன்னவராம் ஐயா" என்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, டொக்டரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இன்னும் குழப்பம். பெரிய ஒப்பரேசனையே இரண்டு விதமாகச் செய்யலாமாம். நீளமாக வெட்டலாம், இல்லாவிட்டால் வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டுக் கமரா விட்டு ரீவியில் பார்த்துப் பார்த்துச் செய்யலாம். துளை என்றால் நோவு குறைவு, கெதியாக எழும்பலாம், ஆனால் இந்த இடத்துக் கான்சருக்கு அது புதுசு, வருத்தம் திரும்பி வருமா என்று தெரியக் கன வருடம் செல்லும் என்றார். எப்படிச் செய்தாலும் பை பைதான். சின்னன் நல்லதா பெரிசு நல்லதா, பழசா புதுசா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். "டொக்டர் தன்ரை கையாலை கனக்கச் செய்தது எது பிள்ளை?" வெட்டுகிறதுதான் என்று பதில் வந்தது. "அப்ப அதையே செய்யச் சொல்லுங்கோ" என்றார். இவ்வளவு நாளும் போய்விட்டதே, பிந்திவிட்டதா என்று நான் கேட்டேன். பிந்தவில்லை என்றார் டொக்டர்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் முன் சீற்றில் போய்த் தனிய இருந்தார். நேற்று நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிற்க, குசினிக்குள் வந்து, "நீ முழுக்கச் சொல்லியிருந்தாலும் நான் அந்தச் சின்னனைத்தான் கேட்டிருப்பன், விடு" என்றார். உண்மையாகச் சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா, தெரியவில்லை. முழுக்கச் சொல்லியிருந்தால் பயந்து எதுவுமே வேண்டாமென்று இருந்திருப்பாரோ, இல்லை முதலே பெரியதைச் செய்து முடித்திருப்பாரோ? எந்தப் பக்கம் யோசித்தாலும் தலை சுற்றுகிறது.

டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். அதற்கு முதல் ஒரு நேர்ஸ் பை ஒட்டுகிற இடத்தை வயிற்றில் பேனையால் குறிப்பாளாம். பெல்ற் கட்டுகிற இடத்தில் வராமல் பார்க்கச் சொல்ல வேண்டும், திரும்ப வேலைக்குப் போக வேண்டுமே என்று அப்பா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். பை மாற்ற நான் பழகுகிறேன் என்றேன். "வேண்டாம், நானே பழகுறன், நீ பக்கத்திலை நில்" என்றார்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் ஆசீர்வதித்துக் காக்கட்டும், அப்பாவுக்காக மன்றாடுங்கள். ஒன்றை மறக்காதே மகள், அவருடைய பிள்ளை என்றபடியால் நீயும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அங்கே போகும்போது ஆரையாவது மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டி வந்தால், உன்னில் அன்பில்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ப. வேரோனிக்கா