மூடி வைத்த பீங்கான்

பழைய சேலையால் சுற்றியிருந்த ஓவியத்தை இன்று காலை அவிழ்த்தேன். எண்ணெய் வர்ணத்தின் மணம் முதலில் வந்தது. பின்னாலேயே நீர் வந்தீர்.

உம்முடைய தங்கை நயினாதீவிலிருந்து காலைப் படகில் வந்து, சரவணையில் என் வீட்டில் தந்தாள். "எங்கட அக்கா கடைசியாக் கீறினது. உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ. எல்லாம் வடிவாக் கீறிப்போட்டு சாப்பாட்டை மட்டும் மூடிப்போட்டா. கறி கீற அலுப்பு, பஞ்சி போல!" சிரித்தவள் உடனேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மேசை. நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு, அதன் மேல் இன்னொன்று கவிழ்த்து. செம்பில் தண்ணீர். சற்றே பின்னுக்கு இழுத்துவிட்ட கதிரை. வேறொன்றுமில்லை. ஆனாலும் அந்த மதிய வெளிச்சத்தில் மேசை முழுவதும் யாருக்காகவோ காத்திருக்கிறது. ஒரு வெறுங்கதிரையை இத்தனை அன்பாக வரைய உம்மால்தான் முடியும்.

பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். ஏன் ஆட்களை வரைவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். "ஆக்கள் எழும்பிப் போன பிறகு மேசையைப் பார்த்தாலே காணும், ஆரெண்டு தெரியும்" என்றீர்.

நோய் முற்றியிருந்த நேரம் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டீர். மெலிந்துபோன உம்மைப் பார்க்கப் பயந்து, தொலைபேசியில் பொய் சொன்னேன்: "காத்துக் கடுமை. படகு ஓடேல்லையாம்."

"சரி, காத்து அடங்கட்டும்" என்றீர். அடுத்த கிழமை நீர் இல்லை.

உம்முடைய சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் இறங்குதுறை தெரியும் என்பதை எப்படி மறந்தேன்? ஓவியத்தின் மூலையில் ஒரு ஜன்னல், அதற்குள் விரலகலக் கடல், கடலில் ஒரு வெள்ளைப் புள்ளி. தூரிகை தவறிப் பட்டதென்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். படகு. பின்னால் மெல்லிய நுரைக்கோடு. ஓடுகிற படகு.

நீர் அறிந்திருந்தீர். அறிந்துகொண்டும் என் பங்கை மூடி வைத்தீர். கோபம் இருந்திருந்தால் தட்டைக் கழுவி அடுக்கியிருப்பீர். கதிரையை உள்ளே தள்ளியிருப்பீர். உம்மிடம் ஏச்சு வாங்காமல் தப்பிய என் பொய்க்கு, இந்த இரண்டு தட்டுகளும் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இன்று படகுக்குப் புறப்படும்போது உம்முடைய தங்கை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள்.

"காத்தெண்டால் என்ன செய்வியள், அக்கா?"

"துறைக்குப் போய், நிண்டு பார்த்துப்போட்டுத்தான் சொல்லுவன்" என்றேன்.