அக்காவின் தளத்துக்கு ஒரே ஒரு வாசகர்

ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் நலமாக இல்லை, ஆகவே அப்படித் தொடங்கவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலை நரைத்தவள் நான். இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே மூன்றாவது ஆள் உட்கார்ந்திருந்தால் கேட்காமல் இருக்கமாட்டாள். நானே கேட்டிருக்கிறேன். கடிதத்தை யாராவது பிரித்தால் ஒட்டிய இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

என் இணையதளத்தை வெளியாள் கணினியில் வைக்காததற்கும் அதுதான் காரணம். எங்களிடம் கொடுங்கள், நாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம் என்று எத்தனையோ கம்பெனிகள் கூப்பிடுகின்றன. என் வீட்டு விஷயம் அவர்கள் அலமாரியில் எதற்கு? மகன் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்று என் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே முக்காலியில் அணையாமல் ஓடுகிறது. வீட்டு இன்டர்நெட்தான். யாரிடமும் கேட்காமல், படித்துப் படித்து நானே அமைத்தேன். முகவரி எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அதே எண்ணை ஹாலில் இன்டர்நெட் பெட்டியின் மேலும் ஒட்டினேன். மகன் தலையைத் தூக்காமல் சரிம்மா என்றான். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிறது.

எல்லாவற்றையும் தளத்தில் எழுதி வருகிறேன். ஜன்னலோரம் கிடந்த என் நாற்காலியைச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டு அங்கே துணி காயப்போட்டது, நான் ஹாலுக்கு வந்தால் போனில் குரலைத் தணிப்பது, எல்லாம். பெயர் போடவில்லை. ‘அந்தப் பெண்’ என்றுதான் இருக்கும். உலகம் படிக்கட்டும். நீ முதலில் படித்துவிட்டு, உன் மாடி அறையை எனக்கு ஒழித்துவை. மழைக்கு முன் வந்துவிடுகிறேன். இந்த வீட்டில் இனி எனக்குச் சரிப்படாது.

உன் அக்கா


ஜூன் 12

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கொடுத்த எண்ணை என் போனில் போட்டேன், அவர் போனிலும் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. ஒன்றும் திறக்கவில்லை. எண்ணை ஒருமுறை சரிபார்.

அறை உனக்கு இல்லாமல் யாருக்கு? ஆனால் மகனிடம் சொல்லிவிட்டாயா? கோபத்தோடு பெட்டி கட்டுகிறவள் கோபம் இறங்கியதும் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள் என்றுதான் யோசிக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இவருக்கு மூட்டுவலி இன்னும் குறையவில்லை. நீ மாத்திரையை விட்டுவிடாதே.

உன் தங்கை


ஜூன் 24

அன்புள்ள தங்கைக்கு,

‘அன்புள்ள’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் கெட்டுவிடும் என்று விட்டுவைக்கிறேன்.

திறக்கவில்லையா? இதோ என் கண்ணெதிரே திறந்திருக்கிறது. என் போனிலும் திறக்கிறது. பக்கத்தின் அடியில் வந்துபோகிறவர்களை எண்ணும் கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். நான் பார்ப்பது அதில் சேராது. புதிதாக எதை எழுதினாலும் மறுநாள் பிற்பகலுக்குள் ஒரே ஒரு ஆள் வந்து படித்துவிட்டுப் போகிறார். வெளியே நான் முகவரி கொடுத்தது உனக்கு மட்டும். நீ சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டுகிற நேரமும் அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. படித்தேன் என்று ஒப்புக்கொண்டால் அறையைத் தர வேண்டியிருக்கும், அதனால் நழுவுகிறாய். உன் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்திருப்பார். அவருடைய மூட்டுவலி நான் வருகிறேன் என்றால்தான் அதிகமாகும்.

இன்னொன்றும் நடக்கிறது. நாற்காலியைப் பற்றி எழுதிய வாரமே அது ஜன்னலோரம் வந்து நின்றது. குளியலறைத் தரை வழுக்குகிறது என்று எழுதினேன், ரப்பர் விரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் இல்லை. காரணமில்லாமல் என் மருமகள் இதையெல்லாம் செய்வாளா? எதிலோ கையெழுத்து வாங்க அடிபோடுகிறாள். அதுபோகட்டும், என் மனதில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிகிறது? ஹாலில் ஒட்டிய தாளை இவர்கள் ஏறெடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. நீ படிக்கிறாய், அவளுக்குப் போன் போட்டுச் சொல்கிறாய், நான் அங்கே வராமல் இருக்க இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்கிறீர்கள். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது.

உன் அறை எனக்கு வேண்டாம். முதியோர் விடுதி ஒன்றை விசாரித்துவிட்டேன். நீ உண்மையை எழுதாவிட்டால் இதுவே கடைசிக் கடிதம்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

இரண்டு நாள் உன் கடிதத்தைத் தொடவே இல்லை. இவர் படித்துவிட்டு எழுந்து நடந்து காட்டினார், பார் எனக்கு வலியே இல்லை, உன் அக்காவை வரச்சொல் என்று. அப்புறம் இவரால் உட்கார முடியவில்லை, நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மகளிடம் அந்த எண்ணைக் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டாள். உனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். ஒரு ஆபீசுக்கு வெளியிலிருந்து கூப்பிட ஒரு நம்பர் இருக்கும், உள்ளே மேசைக்கு மேசை எக்ஸ்டென்ஷன் இருக்கும் இல்லையா? நீ எனக்கு அனுப்பியது எக்ஸ்டென்ஷன். உன் வீட்டு இன்டர்நெட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்குமாம். தெருவில் நிற்பவருக்குக்கூடக் கிடைக்காதாம். எக்ஸ்சேஞ்சில் இருந்த நீ போய் இப்படிச் செய்யலாமா? நானும் கொஞ்சம் சிரித்தேன், மன்னித்துக்கொள்.

உன் தளத்தை வெளியுலகில் ஒருவரும் பார்த்ததில்லை அக்கா. உன் மருமகளின் நம்பர்கூட என்னிடம் கிடையாது. பகலில் உன் வீட்டில் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வெளியிலிருந்தும் வரும்படி செய்வது சின்ன வேலைதானாம். நீ சரி என்று எழுதினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அனுப்புகிறேன். அறையையும் ஒழித்தாகிவிட்டது. இனி உன் இஷ்டம்.

உன் தங்கை


ஜூலை 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு முனைக்கடைவரை நடந்து பார்த்தேன். திறக்கவில்லை. திரும்பி வந்து கேட்டுக்குள் கால் வைத்தேன், திறந்துவிட்டது. கடைக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே தேடினார்.

படிப்பது மருமகள்தானா என்று பார்க்க எழுதுவதை நிறுத்தினேன். கொஞ்ச நாள் போயிற்று. பிறகு ஒரு மத்தியானம் கதவைத் தட்டினாள். “மெஷின் ரிப்பேரா அத்தை? புதுசா ஒண்ணுமே வரலையே.”

அந்தப் பெண் யார் என்று தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? நல்லாவே திட்டியிருக்கீங்க. வேற எங்க நீங்க என்கிட்ட பேசுறீங்க?”

நானும் விடவில்லை. போனில் குரலை ஏன் தணிக்கிறாய் என்றேன்.

“எங்கம்மாகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டிருப்பேன். நீங்க உலகத்துக்கே எழுதலாம், நான் எங்கம்மாகிட்ட சொல்லக்கூடாதா?”

நியாயம்தான் என்று பட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. தூக்கம் வருகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் உட்கார்ந்து, ரப்பர் விரிப்பு மட்டமான சரக்கு, ஓரம் இப்போதே சுருட்டிக்கொள்கிறது என்று எழுதினேன். மறுநாள் சமையலறையிலிருந்து, “கடைக்காரன் ஏமாத்திட்டான் அத்தை, நாளைக்கு மாத்திடறேன்” என்று சத்தமாகச் சொன்னாள். சரி என்றேன். அது வாயில் தானாக வந்துவிட்டது.

உன்மேல் நான் கொண்ட சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை. உன் வீட்டுக்காரரின் முழங்கால் விஷயத்தில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

விடுதிக்கும் போகவில்லை, உன் வீட்டுக்கும் இப்போதைக்கு வரவில்லை. உன் மகள் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஆனால் லேப்டாப்பில் கை வைக்க வேண்டாம். ஊர் உலகத்துக்குத் திறந்துவிட்டால் நான் எழுதுவதை நிறுத்த வேண்டியிருக்கும். நாலு பேர் கேட்கிற இடத்தில் என் மருமகளை நான் திட்டமாட்டேன்.

உன் அக்கா