ஏரு என்றால் ஆறு

அக்கா,

இன்று காலை திருப்பதியில் எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்த நெடி மூக்கில் பட்டதும் நாகலாபுரத்துப் பக்கம் நம் ஊருக்குள் ஆறு புகுந்த வருஷம் நினைவுக்கு வந்தது.

மாமா சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். நீ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவாகி, பாஸ்போர்ட்டும் வந்து டிரங்குப் பெட்டியில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டதும், வழக்கம்போல நான் முன்னேற்பாடுகளில் இறங்கினேன். ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். உன் பெட்டியை மட்டும் நீ தொடவிடவில்லை. "நீ தொறந்தா ஆயிரம் சந்தேகம் கேப்ப. சாவி என் இடுப்புலயே இருக்கட்டும்" என்றாய்.

மத்தியானம் மைக் கட்டிய ஜீப் ஒன்று தூரத்தில் போனது. மழைச் சத்தத்தில் "ஏரு... ஏரு..." என்பது மட்டும் கேட்டது. நான் தெலுங்குப் பள்ளியில் படித்தவன். ஆறு வருகிறது என்று புரிந்து, எந்தப் பக்கமிருந்து வரும் என்று யோசித்தபடி நின்றேன். உன் காதில் அது தமிழாக விழுந்தது.

"ஏறு ஏறுன்னு கத்திக்கினு போறான், நீ இன்னாடா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற?"

எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு குவைத்தில் இருந்தார். அவருடைய மாடி வைத்த மெத்தை வீடு பூட்டிக் கிடந்தாலும் படிக்கட்டு வெளியே இருந்தது. நாம் மேலே போவதற்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

"ஏருன்னா ஆறுக்கா. ஏறச் சொல்லல" என்று மாடியில் நின்றுகொண்டு திருத்தினேன்.

"சரிடா வாத்தியாரே, எறங்கிப் போய் அந்த ஆத்துகிட்ட சொல்லிட்டு வா."

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. நம் மண்சுவர் வீடு அப்படியே நின்றது. நீ முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கப் போனாய். ஊறிய சுவர் தண்ணீர் வடிந்த பிறகும் விழும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுடா! பாஸ்போர்ட்டு ஊறிப் போவுது!"

திட்டினாய், கிள்ளினாய். நீ உதறிக்கொண்டிருக்கும்போதே சுவர் கூரையோடு உள்ளே சரிந்தது.

பிறகு மண்ணை அள்ளிப் பெட்டியை எடுத்தோம். பாஸ்போர்ட்டில் உன் முகம் கரைந்திருந்தது. ஏஜென்ட் வேறொரு பெண்ணை அனுப்பிவிட்டான். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடவைத்து, காய்ச்சிய தண்ணீரையே உன்னைக் குடிக்கவைத்தேன். "மருந்து நாத்தம்" என்று முகம் சுளித்துக்கொண்டே குடித்தாய்.

கடைசிவரை மாந்தோப்புகளில் கூலி வேலைக்குத்தான் போனாய். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவன் புடிச்சதாலதான் உசுரோட கீறேன்" என்பாய். நான் தலையைக் குனிந்துகொள்வேன்; அடக்கம் என்று நினைத்திருப்பாய்.

சுவர் விழும் என்று பிடித்தேனா, நீ குவைத்துக்குப் போய்விடுவாயே என்று பிடித்தேனா? எத்தனை முறை வரிசைப்படுத்திப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் வருகிறது, அக்கா. கை முதலில் பிடித்தது. சுவர் பிறகுதான் நினைவுக்கு வந்தது.