இரண்டு ஊருக்கும் கத்துகிறவன்

ஓகஸ்ட் 1955, ஞாயிறு இரவு

நேற்று கல்முனை மைதானத்தில், உதைபந்தாட்டத்தில் நான் பிறந்த மருதமுனை தோற்றது. கொழும்பில் எனக்குப் பிடித்த அணியும் தோற்றதாகத் தேநீர்க்கடை ரேடியோ சொன்னது. இன்று, நான் கலியாணம் முடித்து வந்து குடியிருக்கும் சாய்ந்தமருதும் தோற்றது.

தோல்வியைக் கூடப் பொறுப்பேன். நேற்று மருதமுனைக்காகத் தொண்டை கிழியக் கத்தியபோது, கூடப் படித்தவன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "நீ இப்ப சாய்ந்தமருது மாப்புள. உனக்கு இஞ்ச என்ன கத்து?" என்றான். கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவது எங்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்காக உம்மாவின் ஊரை மறக்க வேண்டுமா?

இன்று சோற்றுக்கு உட்கார்ந்ததும் மனைவியின் தம்பி தொடங்கினான். "மச்சான், நீங்க எந்தப் பக்கம் நிண்டாலும் அந்தப் பக்கம் தோக்கிது. வாற சனிக்கிழம ஊட்டயே இரிங்க."

மாமி கதவு மறைவில் நின்றுதான் என்னோடு பேசுவார். அவராவது தடுப்பார் என்று பார்த்தேன். "ஓம் மருமகன், ஒரு கிழமதானே" என்றார்.

இருக்க மாட்டேன். இன்று பெனால்டியை வானத்துக்கு அடித்தவன் மனைவியின் தம்பியுடைய கூட்டாளி. அவனை யாரும் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை மோதப்போவது மருதமுனையும் சாய்ந்தமருதும். நான் போவேன். நடுக்கோட்டுக்கு நேரே நின்று இரண்டு பக்கத்துக்கும் கத்துவேன். இரண்டு ஊரும் ஒன்றாகத் தோற்கட்டும், பார்ப்போம்.